கொட்டாங்கச்சிக்குள் ஒரு குடும்பம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காகவும், பேசும்போது விட்டுப்போன சில கணக்குகளுக்காகவும்.)



போன கூட்டத்தில் கார் பார்க்கிங், லிஃப்ட் மெயின்டனன்ஸ், மொட்டை மாடியில் வடாம் காயப்போடுவது என்று எல்லாவற்றையும் பேசி முடித்தபோது மணி ஒன்பதரை. கிளம்பும்போது நம் செயலாளர், "அடுத்த தடவை சண்டை வராத ஒரு விஷயத்தைப் பேசலாம் சார். உங்க மீன் தொட்டியைப் பத்தி ஒரு அரைமணி நேரம் சொல்லுங்களேன்" என்றார். ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒரு திருத்தம். நான் வளர்க்கும் மீன்கள் விரல் நீளம்தான். சண்டையில் நம் பொதுக்குழுவுக்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல.

நான் பி.காம். படித்தவன். வங்கியில் 34 வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அறிவியல் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு சரி. அதனால் நான் சொல்லப்போவதெல்லாம் புத்தகத்தில் படித்ததில் பாதி, தொட்டியில் பட்டதில் பாதி. பட்டதில் ஒரு விஷயத்துக்கு இந்தக் கட்டடத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த மீனிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம்மில் பலர் சைவம். ஆனாலும் ஜிலேபி மீன் என்ற பெயரைக் கேள்விப்படாத திருச்சிக்காரர் இருக்க மாட்டார். உய்யக்கொண்டான் பாலத்தில் தூண்டிலோடு நிற்கிற பையன்களைக் கேட்டால், பத்துக்கு எட்டு பேர் பையில் அதைத்தான் காட்டுவார்கள். அது நம் ஊர் மீன் இல்லை. ஆப்பிரிக்காவின் மீன். 1952-ல் வளர்ப்புக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று ஏரி, குளம், வாய்க்கால் எல்லாவற்றிலும் அதுதான் நிறைந்திருக்கிறது.

அந்த ஜிலேபி 'சிக்லிட்' என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, மடகாஸ்கர் என்று பரவிய இந்தக் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. இந்தியாவுக்கே சொந்தமானவை மூன்றே மூன்று. ஒன்று, கேரளம் 2010-ல் தன் மாநில மீனாக அறிவித்த கரிமீன். இன்னொன்று கன்னடக் கரையோர ஆறுகளில் இருக்கிற அதன் பங்காளி. மூன்றாவது, ஆரஞ்சு குரோமைடு என்கிற சின்ன மீன். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த உடம்பு, நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, 8 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிமுகங்களிலும் நன்னீரிலும் இருக்கிறது. அதற்கு 1795-ல் அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லினில் இருந்த மார்க்கஸ் ப்ளாக் என்ற மருத்துவர். அவருக்கு இந்தியாவிலிருந்து மீன்களைப் பதப்படுத்தி அனுப்பியவர்களில் ஒருவர், நம் தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனில் இருந்த ஜான் பாதிரியார். கும்பகோணம், மாயவரம் தாண்டினால் தரங்கம்பாடி. அங்கிருந்து 200 வருஷத்துக்கு முன்னால் மீன்கள் ஜாடியில் கப்பலேறிப் போயிருக்கின்றன என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பொது குணம் உண்டு. பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டதோடு தன் வேலை முடிந்தது என்று போய்விடும். சிக்லிட்டுகள் முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் இருக்கும். ஜிலேபியில் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். அத்தனை நாளும் சரியாகச் சாப்பிடாது. ஆரஞ்சு குரோமைடில் அப்பா, அம்மா இரண்டும் குஞ்சுகளைச் சுற்றியே நிற்கும். குஞ்சுகள் பெற்றோர் உடம்பில் சுரக்கிற வழவழப்பைக் கொத்தித் தின்னும். பாலூட்டுவதற்குப் பக்கத்தில் வருகிற ஏற்பாடு. இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் எனக்கு இந்த ஆசை பிடித்தது. காலை பத்து மணிக்குக் கௌன்டரில் உட்கார்ந்து பழகிய உடம்பு, ஓய்வு பெற்ற பிறகு பத்து மணி ஆனால் என்ன செய்வதென்று தெரியாமல் ஹாலில் நடந்துகொண்டிருந்தது. என் மனைவிதான் சொன்னாள்: "எதையாவது பாத்துக்கிட்டு உட்காருங்க. என்னை மட்டும் பாக்காதீங்க."

சிக்லிட்டுகளில் பெரியவை உண்டு. ஆஸ்கர் என்று கடையில் விற்பது ஒரு அடிக்கு வளர்ந்துவிடும். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு அது சரிப்படாது. நமக்கு ஏற்றவை குள்ள சிக்லிட்டுகள். மூன்று பெயர்களை நினைவில் வையுங்கள்.

முதலாவது கிரிபென்சிஸ். நைஜீரியா, கேமரூன் பக்கத்து மீன். ஆண் 10 சென்டிமீட்டர், பெண் 7. பெண் முட்டையிடத் தயாரானால் வயிறு நாவல்பழ நிறத்தில் சிவந்துவிடும். பொந்தில் முட்டையிடும். தண்ணீர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இதுதான்.

இரண்டாவது ராம். நீலப் பொட்டுகள் மின்னும், கொள்ளை அழகு. பெயரைக் கேட்டு ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த ராம் இல்லை. ராமிரேஸ் என்று இதைப் பிடித்து விற்ற ஒருவர் பெயரால் 1948-ல் அறிவியல் பெயர் வைத்தார்கள், அதன் சுருக்கம். வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் சமவெளி ஓடைகளில் இருப்பது. 27 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அது ஒத்துப்போகும். நம் ஊர்த் தண்ணீருக்கு ஒத்துப்போகாது. மென்மையான தண்ணீர் இருந்தால்தான் முட்டை பொரியும்.

மூன்றாவது அபிஸ்டோகிராமா. அமேசான் பக்கம். இதில் பல இனங்களில் ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி வீடு, தனி எல்லை. அனுபவம் வந்த பிறகு வாங்கலாம்.

இனி தண்ணீர். மீன் வளர்ப்பது என்பது தண்ணீர் வளர்ப்பதுதான்; தண்ணீர் சரியாக இருந்தால் மீன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். நம் கட்டடத்தில் இரண்டு வரவு. ஒன்று கார்ப்பரேஷன் தண்ணீர், அதாவது காவிரி. இன்னொன்று போர். டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். என் மீட்டரில் காவிரித் தண்ணீர் 300 சுமாருக்குக் காட்டும். போர் தண்ணீர் 1,100 தாண்டும். பக்கெட்டில் வெள்ளை படிவதும், கீஸர் அடிக்கடி போவதும் அதனால்தான். கிரிபென்சிஸுக்குக் காவிரித் தண்ணீர் போதும். ராம் முட்டை பொரிக்க வேண்டுமானால், காவிரித் தண்ணீரில் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலக்க வேண்டும். 320-ம் 40-ம் சரிபாதி கலந்தால் 180. வெறும் சராசரிக் கணக்குதான். ராமுக்கு அதையும் இன்னும் குறைப்பது நல்லது. தொட்டியில் நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்த இலை ஒன்றிரண்டு போடலாம். ஜி.எச். பக்கம் நடை போகும்போது கீழே கிடப்பதைப் பொறுக்கி வருவேன். கழுவிப் போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். இந்த மீன்களின் சொந்த ஊர் ஓடைகள் பலவும் இலை ஊறிய இந்த நிறம்தான்.

இந்தத் தண்ணீரின் புளிப்புத் தன்மைக்கு, அதாவது பி.எச். என்று சொல்கிறார்களே, அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. கிரிபென்சிஸ் குஞ்சுகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதை ஓரளவு அது முடிவு செய்கிறது. தண்ணீர் புளிப்பாக இருந்தால் ஆண் அதிகம். 7-ஐ ஒட்டி இருந்தால் பெண் கூடும். அபிஸ்டோகிராமாவில் வெப்பநிலைக்கும் பங்கு உண்டு. சூடு கூடினால் ஆண் கூடும்.

தொட்டி எவ்வளவு பெரிது? கிரிபென்சிஸ் ஜோடிக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கழுத்து வரை நிரப்பினால் 70 லிட்டர். கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்த்து 90 கிலோ பக்கம் வரும். நல்ல வாட்டசாட்டமான ஒருவர் நிற்கிற பாரம். ஹாலில் சுவரோரமாக வைத்தால் தளத்துக்கு ஒன்றும் ஆகாது. பால்கனியில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் மீன் அவிந்துபோகும். மே மாதத்தில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் 32 டிகிரி தொடும். தண்ணீரின் மேல்பரப்பில் படும்படி ஒரு சின்ன டேபிள் ஃபேனை வைத்தால் இரண்டு டிகிரியாவது இறங்கும். ஹீட்டர் மார்கழி, தை இரவுகளில் மட்டும்.

வாங்கிய அன்றே மீன் விடாதீர்கள். இதில்தான் பத்தில் ஒன்பது பேர் தோற்கிறார்கள். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும்; அது விஷம். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா வேண்டும். நைட்ரைட்டும் விஷம்தான். அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுக் கிளை திறந்த அன்றே கூட்டம் வந்தால், பணம் கட்டுகிறவர் வரிசையில் நிற்பார், வாங்கி எண்ண ஆள் இருக்காது. அந்த மாதிரி. பழைய தொட்டியிலிருந்து அழுக்கான ஸ்பாஞ்ச் ஒரு துண்டு யாராவது கொடுத்தால், அனுபவமுள்ள ஸ்டாஃப் இரண்டு பேர் டெபுடேஷனில் வந்த மாதிரி. சீக்கிரம் வேலை ஆரம்பிக்கும். அந்தத் துண்டை நான் யாருக்கும் கொடுக்கத் தயார்.

செலவையும் சொல்லிவிடுகிறேன், சில பேர் முகத்தில் அந்தக் கேள்வி தெரிகிறது. ஏர் பம்ப் 5 வாட், 24 மணி நேரமும் ஓடும்: இரண்டு மாத பில்லில் 7 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். எல்.இ.டி. விளக்கு 10 வாட், தினம் 8 மணி நேரம்: 5 யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழ். ஆக 12 யூனிட். தண்ணீர் வாரம் ஒரு பக்கெட். எடுக்கிற பழைய தண்ணீர் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் போகிறது. அந்தக் கறிவேப்பிலையை வாங்கிப்போகிறவர்கள் இந்த ஹாலிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

தீனி விஷயத்தில் நம் பாசத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பட்டினியால் செத்த மீனை நான் பார்த்ததில்லை. அதிகத் தீனியால் செத்தவற்றைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, தினம் இரண்டு வேளை. வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டில் அதற்கு ஏகாதசி என்று பெயர். ஊருக்குப் போகும்போது மாத்திரை டப்பா ஒன்றில், திங்கள் செவ்வாய் என்று அறை அறையாக இருக்குமே, அதில் அளந்து போட்டு எதிர்வீட்டில் கொடுத்துவிடுவேன். "அந்தந்த நாள் அறையைத் திறந்து கொட்டுங்க, பாவம்னு கூடப் போடாதீங்க" என்பது மட்டும்தான் வேண்டுகோள்.

இனி என் கதை.

முதலில் ஒரு கடையில் 'ஜோடி' என்று சொல்லி இரண்டு கிரிபென்சிஸ் கொடுத்தார்கள். மூன்று மாதம் காத்திருந்தேன். இரண்டும் ஆண். ஒன்றை ஒன்று மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்ததை நான் சரசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தது என் மனைவி. "இது ரெண்டும் மாப்பிள்ளை வீடு மாதிரியே நடந்துக்குதே, பொண்ணு எங்கே?" என்றாள். அதன்பின் குட்டி மீன்களாக ஆறு வாங்கி ஒன்றாக வளர்த்தேன். அவற்றில் இரண்டு தாமாகவே ஜோடி சேர்ந்து மற்ற நாலையும் விரட்டின. அந்த நாலையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஜோடி வேண்டுமானால் இதுதான் வழி. நாம் பார்த்து முடிப்பதைவிட, அவை பார்த்து முடிப்பது நிலைக்கும்.

வீட்டுக்கு நான் செலவு ஏதும் செய்யவில்லை. துருவி முடித்த கொட்டாங்கச்சி ஒன்றை நாரெல்லாம் சுரண்டி, இரண்டு தடவை வேகவைத்து, விளிம்பில் கட்டை விரல் நுழைகிற அளவு ஓட்டை போட்டு, மணலில் கவிழ்த்து வைத்தேன். இரண்டாம் நாள் பெண் மீன் உள்ளே போய் வாயால் மணலை அள்ளி அள்ளி வெளியே துப்ப ஆரம்பித்தது. வயிறு சிவந்துவிட்டது. உடம்பை வில்லாக வளைத்து ஆணின் முன்னால் நடுங்கிக் காட்டும். இந்த இனத்தில் பெண் பார்க்கும் படலத்தை நடத்துவது பெண்தான்.

ஒரு வியாழக்கிழமை பெண் வெளியே வரவில்லை. ஆண் வாசலில் நின்றது. டார்ச் அடித்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. மனைவி டார்ச்சைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். தொந்தரவு செய்தால் பெற்றவையே முட்டையைத் தின்றுவிடும். உள்ளே கூரையில் முட்டைகளை ஒட்டி, துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும் அந்தத் தாய். மூன்று நாளில் பொரியும். அதற்குப் பிறகும் ஐந்து நாள் போல உள்ளேயே நெளிந்துகொண்டிருக்கும். எட்டாம் நாள் காலை, காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்தேன். கொட்டாங்கச்சி வாசலில் புகை மாதிரி ஒன்று அசைந்தது. மிளகுத் தூள் அளவு குஞ்சுகள். அம்மா முன்னால், அப்பா பின்னால். அம்மா துடுப்பை ஒரு விதமாக வெட்டி அசைத்ததும் அத்தனையும் மணலோடு மணலாகப் படுத்துவிட்டன. சாயங்காலம் விளக்கை அணைக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக வாயில் எடுத்துக் கொட்டாங்கச்சிக்குள் துப்பியதைப் பார்த்தபோது, என் மனைவி சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று இரவு தோசை பத்து மணிக்குத்தான்.

குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலின் முட்டையைப் பாட்டிலில் பொரிக்கவைத்துக் கொடுக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் காற்று விட்டுக்கொண்டே இருந்தால் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். தினம் ஒரு பாட்டில். நான் மீன் கணக்குக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், பழைய பழக்கம். மூன்றாவது வாரம் பத்தாவது தடவையாக எண்ணி, 61 என்று எழுதினேன்.

இப்போது நம் கட்டடத்தோடு தொடர்புள்ள விஷயம்.

அந்த வருஷம் நான்தான் நம் சங்கத்தின் பொருளாளர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மேல்நிலைத் தொட்டியைக் கழுவுகிறோம் இல்லையா, அதற்குத் தேதி குறித்தது நான். பிளீச்சிங் பவுடர் வவுச்சரில் கையெழுத்துப் போட்டது நான். லிஃப்ட் பக்கத்துப் பலகையில் நோட்டீஸ் ஒட்டியதும் நான். சனிக்கிழமை கழுவினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கம்போல, குழாயைத் திறந்து ஒரு பக்கெட் பிடித்து நேரே தொட்டியில் ஊற்றினேன்.

மற்ற நாட்களில் நான் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துத்தான் ஊற்றுவேன். அன்று மகள் வீடியோ கால் செய்வதாகச் சொல்லியிருந்தாள், அதற்குள் வேலையை முடிக்க அவசரம். கால் மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெயிலுக்குக் காற்று போதவில்லை என்று நினைத்து ஃபேனைக் கூட்டினேன். காரணம் அதுவல்ல. குளோரின் செவுள்களை அரித்துக்கொண்டிருந்தது. ஃபில்டரில் குடியிருந்த பாக்டீரியாக்களையும் அது சேர்த்துக் கொன்றது. மனைவி வந்து பக்கெட்டை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நோட்டீஸ்ல கையெழுத்து யாரோடது?" என்று மட்டும் கேட்டாள்.

செடிக்கென்று எடுத்து வைத்திருந்த பழைய தொட்டித் தண்ணீர் ஒரு பக்கெட் இருந்தது. அதில் பெரியவை இரண்டையும், வலையில் வந்த குஞ்சுகளையும் மாற்றினேன். மாலை ஆண் போய்விட்டது. மறுநாள் காலைக்குள் 61-ம் போய்விட்டன. பெண் மட்டும் பக்கெட்டின் அடியில் ஒரு ஓரமாக நின்றது. நோட்டில் அந்தப் பக்கத்தில் '61 - தள்ளுபடி' என்று எழுதினேன். வங்கியில் எவ்வளவோ கடன் தள்ளுபடியை என் கையால் எழுதியிருக்கிறேன். இதை எழுதும்போது கை நின்றது.

சோடியம் தயோசல்ஃபேட் என்று ஒரு உப்பு, வளர்ப்பு மீன் கடைகளில் ஆன்டி-குளோரின் என்று கொடுப்பார்கள். சில துளி போதும், குளோரின் அடங்கிவிடும். அந்த பாட்டில் அன்றும் என் அலமாரியில்தான் இருந்தது.

பிழைத்த பெண்ணுக்கு ஐந்து மாதம் கழித்து ஒரு ஆணை விட்டேன். விரட்டிவிட்டது. இன்னொன்று, அதன் வாலைக் கிழித்துவிட்டது. மூன்றாவதை, நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து இரண்டு வாரம் பார்க்கவிட்டுத்தான் சேர்த்தேன். அதை ஏற்றுக்கொண்டது. அதே கொட்டாங்கச்சி. வயிறு மறுபடி சிவந்தது. முதல் ஈட்டு முட்டையைத் தின்றுவிட்டன. அடுத்த ஈட்டில் 38 குஞ்சுகள் தேறின. பெரிதானதும் கடையில் கொடுத்துத் தீனி வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் நம் கட்டடத்துப் பிள்ளைகளிடமும் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. போன வருஷம் மாற்றலாகிப் பெங்களூர் போன ஒரு வீட்டுப் பையன், பத்து வயசு இருக்கும், பிளாஸ்டிக் கவரில் மீனோடு உய்யக்கொண்டான் பக்கம் கிளம்பினான். "வாய்க்கால்ல விட்டா சுதந்திரமா இருக்கும் தாத்தா" என்றான். நல்ல மனசுதான். கவரில் இருந்தது இரண்டு கோல்டு ஃபிஷ், ஒரு சக்கர். கடையில் 'டேங்க் கிளீனர்' என்று விரல் நீளத்தில் கொடுப்பார்களே, அது. ஒரு அடிக்கு மேல் வளரும். முள் நிறைந்த உடம்பு வலையைக் கிழிக்கும். தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் இப்படி வீட்டிலிருந்து போனவை பெருகி மீனவர்களுக்குத் தலைவலியாக இருக்கிறது. கோல்டு ஃபிஷ்ஷோ, இரண்டு நாள் தாங்காது. கொக்குக்குத் தெரிகிற நிறம். அவனிடம் ஜிலேபிக் கதையைச் சொன்னேன். கவரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். சக்கரைக் கடையில் சேர்த்துவிட்டேன், கோல்டு ஃபிஷ் இரண்டும் முதல் மாடியில் நலம்.

ஆகவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று: மேல்நிலைத் தொட்டியிலோ சம்பிலோ பிளீச்சிங் போடுவதாக இருந்தால், முந்தின நாளே வாட்ஸ்அப் குழுவிலும் செய்தி போடுங்கள், போட்ட பிறகு இன்னொரு செய்தி. பலகையை யாரும் பார்ப்பதில்லை, ஒட்டியவனே பார்க்கவில்லை. டயாலிசிஸ் எடுத்துக்கொள்பவர், கைக்குழந்தை இருக்கிற வீடு என்று இது மீனுக்கு மட்டுமான விஷயமும் இல்லை. இரண்டு: வீடு மாறும்போது மீனோ ஆமையோ வேண்டாமென்றால் வாய்க்காலில் விடாமல் என்னிடம் சொல்லுங்கள். இடம் தேடித் தருகிறேன். மூன்று: காலியான தொட்டி எந்தப் பரணிலாவது கிடந்தால் கொடுங்கள். அடுத்ததாக ஆரஞ்சு குரோமைடு வைக்க எண்ணம். 1795-லிருந்து உலகத்துக்குத் தெரிந்த நம் ஊர் மீனை, புத்தூரில் ஒரு ஹாலிலாவது நாம் பார்க்க வேண்டாமா?

ஞாயிறு காலை 8 முதல் 9 வரை எங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கும். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். கண்ணாடியைத் தட்டக் கூடாது என்பது மட்டும்தான் விதி. இப்போது மறுபடி பெண் வெளியே வரவில்லை. இன்றோடு நாலு நாள் ஆகிறது.